சைக்கிள் சக்கரம் சொல்லும் கணக்கு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சைக்கிளில் செல்லும் மூவர் மூன்று கருவிகளைப் பொருத்திக்கொண்டு இவ்வழியே சென்றால், மூன்று விடைகள் கிடைப்பதுதான் வழக்கம். ஒருவரது மீட்டர் 45 கிலோமீட்டர் என்று காட்டும். அடுத்தவரது கைபேசி 45.8 என்று சொல்லும். மூன்றாமவருடையது 43 என்று சாதிக்கும். மூவரும் ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தார்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? எந்தக் கருவியை நம்புவது?

இதற்கு விடை காண வேண்டுமானால், இக்கருவிகள் தூரத்தை எவ்வாறு அளக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவை இரண்டு வகைப்படும். ஒன்று தரையைத் தொட்டு அளப்பது. மற்றது வானத்தைக் கேட்டு அளப்பது.

சக்கரமே அளவுகோல்

ஒரு சக்கரம் வழுக்காமல் ஒருமுறை உருண்டால், அது தன் சுற்றளவுக்குச் சமமான தூரம் முன்னேறுகிறது. எனவே சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிச் சுற்றளவால் பெருக்கினால், கடந்த தூரம் கிடைத்துவிடும். எல்லாச் சைக்கிள் மீட்டர்களுக்கும் அடிப்படை இந்த எளிய உண்மைதான்.

இது இன்று நேற்றுத் தோன்றிய யோசனையன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இப்படிப்பட்ட ஒரு வண்டியைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். அதன் சக்கரத்தின் சுற்றளவு 12½ அடி. அது 400 முறை சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல் ஆகும். அப்போது பல்சக்கரங்களின் உதவியால் ஒரு சிறு கல் கீழே உள்ள பாத்திரத்தில் ஓசையுடன் விழும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் போதும். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கர்ட்டிஸ் வீடர் என்பவர் சைக்கிளுக்கென்றே ஒரு சிறிய தூரமானியை வடிவமைத்தார். ஸ்போக் கம்பியில் பொருத்திய ஒரு முனை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல்சக்கரத்தைத் தட்டிவிடும். எண்கள் ஒவ்வொன்றாக நகரும்.

இன்றைய மின்னணு மீட்டரும் இதையேதான் செய்கிறது. தட்டும் முனையின் இடத்தை ஒரு காந்தமும், பல்சக்கரங்களின் இடத்தை ஒரு நுண்சில்லும் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

காந்தமும் கண்ணாடிக் குழாயும்

கம்பி இணைப்புள்ள ஒரு சாதாரண மீட்டரைப் பாருங்கள். முன்சக்கரத்தின் ஸ்போக் ஒன்றில் பொத்தான் அளவுள்ள ஒரு காந்தம் இருக்கும். அதற்கு எதிரே, ஃபோர்க்கில், ஒரு சிறு உணர்வி கட்டப்பட்டிருக்கும். அதற்குள்ளே காற்றுப் புகாதபடி மூடிய ஒரு கண்ணாடிக் குழாயும், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புக்கலவைத் தகடுகளும் உள்ளன. தகடுகளின் நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கின்றன. காந்தம் அருகே வரும்போது இரு தகடுகளும் காந்தத்தன்மை பெற்று ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன, மின்சுற்று மூடுகிறது. காந்தம் விலகியதும் பிரிந்துவிடுகின்றன. 'ரீட் சுவிட்ச்' எனப்படும் இந்த அமைப்பு 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. சில மீட்டர்களில் தகடுகளுக்குப் பதிலாக, 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி இயங்கும் குறைகடத்தித் துண்டு இருக்கும், வேலை ஒன்றுதான்.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. இனி உள்ளேயிருக்கும் நுண்சில்லு இரண்டு வேலைகளைச் செய்கிறது. துடிப்புகளை எண்ணித் தூரத்தைக் கூறுகிறது. இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து வேகத்தைக் கூறுகிறது. உங்கள் சக்கரத்தின் சுற்றளவு 2.20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு துடிப்புகளுக்கு இடையே 0.44 விநாடி ஆகிறது என்றால், வேகம் விநாடிக்கு 5 மீட்டர். அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் இந்தக் காந்தம் ஏறக்குறைய 20,450 தடவை உணர்வியைக் கடந்து சென்றிருக்கும்!

காந்தத்துக்கும் உணர்விக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சில சுற்றுகள் கணக்கில் விட்டுப்போகும். தூரம் குறைவாகக் காட்டும். குண்டும் குழியுமான சாலையில் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடுவது இதற்கு ஒரு பொதுவான காரணம். அண்மைக் காலத்தில் காந்தமே இல்லாத உணர்விகளும் வந்துள்ளன. சக்கரத்தின் நடுக்குடத்தில் கட்டப்படும் இவை, சக்கரத்தோடு தாமும் சுழன்றுகொண்டே, புவியீர்ப்பு எத்திசையில் இழுக்கிறது என்பதைக் கவனிக்கின்றன. அத்திசை ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று பொருள். அச்செய்தி ரேடியோ அலையாகக் கைபேசிக்குப் போகிறது.

இரண்டு சென்டிமீட்டரின் விலை

இந்த வகைக் கருவியில் எண்ணிக்கை தவறுவது அரிது. தவறு பெரும்பாலும் பெருக்கும் எண்ணில்தான், அதாவது நீங்கள் பதிந்து வைக்கும் சுற்றளவில்தான் இருக்கிறது. சுற்றளவில் 2 சென்டிமீட்டர் பிழை இருந்தால் என்ன ஆகும்? ஒரு சுற்றில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 20,450 சுற்றுகளில் அது 409 மீட்டராக வளர்ந்துவிடுகிறது. நமது பழைய 28 அங்குலச் சைக்கிளில் மீட்டரைப் பூட்டிவிட்டு, அதில் சிறிய சக்கரத்துக்குரிய 2.10 மீட்டர் என்ற அளவை மாற்றாமல் விட்டுவிட்டால், 45 கிலோமீட்டர் 43 ஆகச் சுருங்கிவிடும். நமது மூவரில் மூன்றாமவருக்கு நேர்ந்தது இதுதான்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து அட்டவணையிலிருந்து சுற்றளவை எடுத்துக்கொள்ளலாமா? தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் டயர் சற்று அமுங்குகிறது. உருளும் ஆரம் 3 மில்லிமீட்டர் குறைந்தால், சுற்றளவில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குறைந்துவிடும். காற்று குறைந்த டயர் மேலும் அமுங்கும். தேய்ந்த டயர் புதிய டயரைவிடச் சிறியது. ஆகவே அளந்து பார்ப்பதே நல்லது. அதற்குத் தேவையானவை ஒரு சாக்குக்கட்டி, ஓர் அளவு நாடா, ஒரு நண்பர், அவ்வளவே. பள்ளியில் அரசு கொடுத்த மிதிவண்டியானாலும், விலை உயர்ந்த பந்தயச் சைக்கிளானாலும் முறை ஒன்றுதான்.

டயரில் வழக்கமாக அடிக்கும் அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். சமதளமான சிமெண்டுத் தரையில் சைக்கிளை நிறுத்தி, முன்சக்கரத்தின் வால்வு நேர் கீழே வரும்படி வையுங்கள். அவ்விடத்தில் தரையில் ஒரு கோடு இடுங்கள். இப்போது நீங்கள் ஏறி அமருங்கள். நண்பர் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் மெதுவாகத் தள்ளட்டும். வால்வு ஐந்தாவது முறை நேர் கீழே வந்ததும் மறு கோடு இடுங்கள். இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 5ஆல் வகுத்தால் உங்கள் சக்கரத்தின் உண்மையான உருளும் சுற்றளவு கிடைக்கும். ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று எதற்கு? கோடு இடுவதில் 1 சென்டிமீட்டர் தவறினாலும், ஐந்தால் வகுக்கும்போது அது 2 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

வானத்தைக் கேட்டு அளப்பது

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். கைபேசியும், கைப்பிடியில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவியும் சக்கரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தை விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டு, ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள தூரங்களைக் கூட்டிக்கொண்டே வருகின்றன.

இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து வரும் செய்தி உங்களை அடைய 0.067 விநாடி ஆகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் கோளுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் தெரியும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் கருவியிலுள்ள கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அன்று. மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும், தூரம் 300 மீட்டர் தவறிவிடும். இந்தக் கடிகாரப் பிழையையும் கண்டறிவதற்காக நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது.

ஐன்ஸ்டீனுக்கும் இதில் பங்குண்டு. சார்பியல் கொள்கையின்படி, அவ்வளவு உயரத்தில் அவ்வளவு வேகத்தில் செல்லும் கடிகாரம், தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோ விநாடி முந்திவிடுகிறது. இதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்!

நமது நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. 'நாவிக்' எனப்படும் இந்திய அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 என்ற கோளில் இந்தியாவிலேயே செய்த அணுக்கடிகாரம் இடம்பெற்றது.

பூமியை அளந்தவர் வந்த ஊர்

கடலூர் வாசகர்கள் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். வானத்துக் கருவி கூறும் இடம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு கோணங்கள்தான். கோணத்தைக் கிலோமீட்டராக மாற்ற வேண்டுமானால், ஒரு டிகிரி என்பது தரையில் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். தென்னாட்டில் அதை முதன்முதலில் கவனமாக அளந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார் அவர். வெயிலில் எஃகு நீளுமே என்று சங்கிலியின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார். பிறகு முக்கோணங்களை அமைத்துக்கொண்டே சோழமண்டலக் கடற்கரையோரமாகச் சென்றார். அந்த முதல் வில்லின் தென்முனையாக அவர் கொண்ட இடம், கடலூரை அடுத்த திருவந்திபுரம்.

அவருக்குக் கிடைத்த விடை, இன்றைய அளவில் சொன்னால், இப்பகுதியில் ஒரு டிகிரி அட்சரேகைக்கு ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர். இன்றைய செயற்கைக்கோள் அளவும் அதுவேதான்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலூரின் அட்சரேகை ஏறக்குறைய 11.75 டிகிரி, சிதம்பரம் 11.40. வேறுபாடு 0.35 டிகிரி, ஆகவே வடக்குத் தெற்காக 38.7 கிலோமீட்டர். தீர்க்கரேகை 79.77, 79.69, வேறுபாடு 0.08. இந்த அட்சரேகையில் தீர்க்கரேகையின் ஒரு டிகிரி ஏறக்குறைய 109 கிலோமீட்டர். ஆகவே கிழக்கு மேற்காக 8.7 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், நேர்கோட்டுத் தூரம் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலையோ ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வளைந்து வந்து, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் சேருகிறது. அதனால்தான் அது 45 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்படுகிறீர்களா, கடலூர் முதுநகரிலிருந்தா என்பதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் கூடும், குறையும்.

இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருப்பது இயல்பு. அந்தப் பிழை நிலையாகவும் நிற்பதில்லை. அங்கும் இங்கும் அலைகிறது. நீங்கள் விநாடிக்கு 5 மீட்டர் நேராகச் செல்கிறீர்கள். ஆனால் கருவி அடுத்த புள்ளியை 1 மீட்டர் பக்கவாட்டில் குறித்துவிட்டது. அப்போது அது அளக்கும் தூரம் 5 அன்று. 26இன் வர்க்கமூலம், அதாவது 5.1 மீட்டர். இது நூற்றுக்கு இரண்டு அதிகம். நேர்ச்சாலை கருவியின் கணக்கில் நெளிசாலையாகிவிடுகிறது. இரண்டாமவரது கைபேசி 45.8 காட்டியதற்கு இது போன்ற நெளிவே காரணம். புதுச்சத்திரத்தில் தேநீர்க் கடையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சில கைபேசிகள் சில மீட்டர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. மின்கலத்தை மிச்சப்படுத்த 10 விநாடிக்கு ஒருமுறை மட்டுமே புள்ளி குறிக்கும்படி அமைத்திருந்தால், கருவி வளைவுகளைக் குறுக்கு வழியில் வெட்டிவிடும், தூரம் குறையும். உயர்ந்த சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் நீண்ட வழியில் வருவதால் இடத்தைத் தவறாகக் காட்டும். அடர்ந்த மரநிழலில் அலை வலுவிழக்கும். நல்ல கருவிகள் இவற்றைக் கணித முறையால் பெருமளவு சீர்செய்துவிடுகின்றன, முழுவதும் அன்று.

வேகத்தை மட்டும் இக்கருவிகள் பெரும்பாலும் வேறு வழியில் அறிகின்றன. ரயில் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? இதுவே டாப்ளர் விளைவு. அதேபோல, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மிகச் சிறு மாற்றத்திலிருந்து உங்கள் வேகம் கணிக்கப்படுகிறது. ஆகவே சீரான ஓட்டத்தில் ஜி.பி.எஸ். சொல்லும் வேகம் நம்பத்தக்கது. ஆனால் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கர உணர்விதான் முந்திச் சொல்லும்.

ஏறாத மலை

சில கருவிகள் நீங்கள் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்றும் காட்டும். கடலூர்–சிதம்பரம் சாலை கடற்கரையோரச் சமவெளி. பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. அப்படியிருந்தும் 100 மீட்டருக்குமேல் ஏறியதாகக் கருவி காட்டினால் வியப்படையாதீர்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால், பக்கவாட்டு இடத்தைவிட உயரத்தில் பிழை அதிகம்.

காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவியும் ஏமாறும். கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால், 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்ந்துவிட்டதாகக் கருவி எண்ணும். நமது வெப்பமண்டலத்தில் காலை 10 மணி அளவில் உச்சத்தில் இருக்கும் காற்றழுத்தம், மாலை 4 மணிக்குள் 3 மில்லிபார் அளவுக்கு இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. எனவே சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவைத்துவிட்டு உறங்கினாலும், மாலைக்குள் அது 25 மீட்டர் ஏறியிருக்கும்!

சராசரி என்னும் பொறி

தூரத்தில் அரைக் கிலோமீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். பள்ளிக்கோ சந்தைக்கோ போகிறவருக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் நெடுந்தூரம் ஓட்டுவோருக்கு அப்படியன்று. பாரிசில் 1904இல் தோன்றிய ஒரு சைக்கிள் சங்கத்தின் விதிகளின்படி, 'பிரெவே' எனப்படும் நெடும்பயணங்கள் இப்போது இந்தியாவிலும் நடக்கின்றன. அதில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பகலெல்லாம் பட்ட பாடு கணக்கில் சேராது.

மீட்டர் சராசரி வேகம் 18 என்று காட்டுகிறது. தேவையோ மணிக்கு 15க்கும் குறைவு. கவலை இல்லை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான மீட்டர்கள் சக்கரம் நின்றதும் கடிகாரத்தையும் நிறுத்திவிடுகின்றன. அந்த 18 என்பது ஓடிய நேரத்துக்கு மட்டும் உரிய சராசரி. 200 கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓட 11 மணி 7 நிமிடம் ஆகும். உணவு, தண்ணீர், பஞ்சர், ரயில்வே கேட் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 2 மணி 23 நிமிடமே. இதைப் பகலிலேயே கணக்கிட்டுவைத்தவர் மாலையில் பதற மாட்டார்.

மற்றொரு பொறியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது, கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டரில் பறந்து செல்கிறீர்கள். திரும்பும்போது எதிர்க்காற்று, வேகம் 12தான். இரண்டின் சராசரி 16 என்பீர்களா? போக 2¼ மணி, வர 3¾ மணி. மொத்தம் 6 மணியில் 90 கிலோமீட்டர். ஆகவே சராசரி 15தான். மெதுவாகச் சென்ற நேரம் அதிகமாக இருப்பதால், அதன் பாதிப்பும் அதிகம். போகும்போது சேமித்த நேரத்தைவிட, வரும்போது இழக்கும் நேரம் கூடுதல்.

எதை நம்புவது?

சரியாக அளந்து பதிந்த சக்கர மீட்டரே தூரத்துக்குச் சிறந்தது. வழி தெரியவும், சென்ற பாதையைப் படமாகப் பார்க்கவும் ஜி.பி.எஸ். சிறந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் எதில் கோளாறு என்பது தானே வெளிப்படும். தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்களைக் கொண்டும் சோதிக்கலாம். ஆனால் ஒரே ஒரு கல்லை நம்ப வேண்டாம்; சாலையை விரிவாக்கும்போதும் புறவழிகள் அமைக்கும்போதும் கற்கள் இடம் மாறியிருக்கக்கூடும். அடுத்தடுத்த பத்துக் கிலோமீட்டரைச் சேர்த்துப் பாருங்கள்.

சிதம்பரத்து மாணவர்களுக்கு இன்னொரு சோதனை. அதிகாலையில் கூட்டமில்லாத நேரத்தில் கீழவீதியில் ஓரிடத்தில் தொடங்கி, தெற்கு, மேல, வடக்கு வீதிகள் வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். சக்கர மீட்டரின் அளவையும் கைபேசியின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை சுற்றி, ஒவ்வொரு கருவியின் ஐந்து விடைகளும் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். எந்தக் கருவியின் விடைகள் நெருங்கி நிற்கின்றனவோ, அதில் அலைச்சல் குறைவு. நீங்கள் கடந்த தூரம் பல கிலோமீட்டர். ஆனால் உங்கள் இடப்பெயர்ச்சி சுழியம் என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்!

ஒன்றே ஒன்றை மறவாதீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி குனிந்து மீட்டரைப் பார்த்தால், அதற்குள் சைக்கிள் 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த 14 மீட்டரில் ஒரு குழியும் இருக்கலாம். ஒரு குழந்தையும் இருக்கலாம். எண்களை மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கட்டும். உங்கள் கண்கள் சாலையிலேயே இருக்கட்டும்.